உராய்வைப் புறக்கணிக்க மறுத்தவர்

கேமரன் மலையில், ஏன், பகாங் மாநிலம் முழுவதும் சல்லடை போட்டுச் சலித்தாலும், கோணமானியைப் போல் மனுசனுக்கு ரத்தக் கொதிப்பு ஏற்றுகிற இன்னொரு பிறவி அகப்படாது. இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. அவர் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்து ஆபீசில் ஒன்பது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, குப்பை கொட்டியவன் நான். ஒன்பது வருடமும் அவர் என்னைத் திட்டினார். நானும் அவரைத் திட்டினேன், ஆனால் முக்கால்வாசி மனசுக்குள்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் மாதா மாதம் அதை எழுதியவனே நான்தான். ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் கோணமானி. பள்ளிக்கூடத்து ஜியோமெட்ரி டப்பாவில் அரைவட்டமாக ஒரு பிளாஸ்டிக் இருக்குமே, அதில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, சட்டைப் பையில் வைத்திருப்பார். எந்தச் சரிவைக் கண்டாலும் அதை எடுத்து வைத்து, நூல் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்ப்பார். பார்த்துவிட்டுக் கோபப்படுவார். மலையில் சரிவுக்கா பஞ்சம்? காலையில் ஆறு மணிக்கு ஆரம்பித்த கோபம் சாயங்காலம் வரைக்கும் ஓயாது.

அவருக்கு ரோடு கேங்கில் வேலை. தோட்டத்துக்குள் இருக்கிற மண்ரோடு, வாய்க்கால், படிக்கட்டு, பலகைப் பாலம் எல்லாவற்றையும் பழுது பார்க்கிற ஆறு பேர் அது. மற்ற ஐந்து பேரும் மண்ணை வெட்டினார்கள், கல்லைக் கொட்டினார்கள். இவர் மட்டும் கணக்குப் போட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவரிடம் மாட்டிக்கொண்டேன். எழுபதுகளின் பின்பாதி அது. ஈப்போவில் ஆசை ஆசையாக வாங்கிய தோல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, மழை விட்ட கையோடு ஆபீஸ் படியில் இறங்கினேன். இரண்டாவது படியில் கால் வாரிவிட்டது. மல்லாக்க விழுந்து கிடக்கிறேன். எதிரே வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். தோட்டத்து ஜனங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நெகிழ்ந்துபோய்க் கையை நீட்டினேன். வந்தவர் என் கையைத் தொடவில்லை. என் வலது சப்பாத்தைக் கழற்றினார், அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார், எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை ஒற்றைக் காலில் சப்பாத்து, மறுகாலில் நனைந்த காலுறை என்று ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். உதவி மேனேஜரான சின்ன துரை உள்ளே வந்து என் காலைப் பார்த்துவிட்டுப் போனார். வேலை முடியும் நேரத்தில் சப்பாத்து திரும்பி வந்தது. அதன் அடியில் வெள்ளைச் சாக்குக்கட்டியால் பாயிண்ட் இரண்டு என்று எழுதியிருந்தது.

"கிராணி, இது சப்பாத்து இல்ல, வாழப்பழத் தோல். இத போட்டுக்கிட்டு மலைக்கு வரலாமா? படிச்சவர்தானே நீங்க?"

விழுந்து அடிபட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது, நீங்களே சொல்லுங்கள். முதுகு வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. அந்தக் கேள்வியின் வலி போக வருடம் ஆயிற்று.

அந்தப் பாயிண்ட் இரண்டு என்னவென்று பிறகு தெரிந்துகொண்டேன். கொழுந்து நிறுக்கிற ஸ்பிரிங் தராசு ஒன்று, பழசானதால் ஸ்டோரில் கிடந்ததை, இவர் எடுத்து வைத்திருந்தார். சப்பாத்துக்குள் கல்லைப் போட்டுப் பத்து கிலோ ஆக்குவார். ஈரத் தரையில் வைத்து, தராசின் கொக்கியை மாட்டிப் படுக்கைவாட்டில் இழுப்பார். அது நகர ஆரம்பிக்கும்போது முள் இரண்டு கிலோவில் நின்றால் பத்தில் இரண்டு, அதாவது பாயிண்ட் இரண்டு. ஆறில் நின்றால் பாயிண்ட் ஆறு. எண் பெரிதானால் பிடிப்பு அதிகம், சின்னதானால் ஆஸ்பத்திரி. உராய்வு என்று பாடப் புத்தகம் சொல்வதை அவர் பிடிப்பு என்றுதான் சொல்வார்.

இந்த ஆள் ஏன் இப்படி ஆனார் என்று விசாரித்தபோது ஒரு பரீட்சைக் கதை சொன்னார்கள். கோணமானி பள்ளிப் படிப்பு முடிகிற ஐந்தாம் படிவம் வரை படித்தவர். அந்தக் காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அது பெரிய படிப்பு. பௌதிகப் பரீட்சை அன்றைக்குக் காலையில் நல்ல மழை. தோட்டத்திலிருந்து தானா ராத்தா பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற வழியில் இரண்டு தடவை விழுந்து, கால்சட்டை முழுக்கச் சேற்றோடு பரீட்சை எழுத உட்கார்ந்திருக்கிறார். கேள்வித்தாளைத் திறந்தால், மரக்கட்டை ஒன்று சாய்ந்த பலகையில் வழுக்கி இறங்குகிறதாம், உராய்வைப் புறக்கணித்துவிட்டு விடை எழுத வேண்டுமாம்.

மனுசனுக்கு வந்ததே கோபம். புறக்கணிக்க முடியாது என்று எழுதினார். அதோடு விட்டாரா? ஒன்றரைப் பக்கம் எழுதினார். இந்தக் கேள்வியைத் தயாரித்தவர் மழை பெய்கிற ஊரில் ஒரு நாளாவது நடந்திருக்கிறாரா, நடந்திருந்தால் இப்படிக் கேட்க மனசு வருமா, உராய்வு இல்லாவிட்டால் அவர் பேனாவைப் பிடித்து இந்தக் கேள்வியை எழுதியிருக்கத்தான் முடியுமா என்றெல்லாம் கேட்டு, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். பௌதிகத்தில் போச்சு. அந்தக் கோபத்தைத்தான் எங்கள் தலையில் இறக்கினார்.

தோட்டம் முழுக்கச் சாக்குக்கட்டி எண்கள் முளைத்தன. பலகைப் பாலத்தில் பாயிண்ட் நான்கு. குளியலறை வாசலில் பாயிண்ட் மூன்று. கோயில் படியில் வெயிலில் ஒன்று, மழையில் ஒன்று என இரண்டு எண்கள். கொழுந்து பறிக்கிற பெண்கள் காலையில் சந்தித்துக்கொண்டால் மழை எப்படி என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்னைக்கு ரோடு எத்தனை பாயிண்ட் லா என்று கேட்க ஆரம்பித்தார்கள். பல் துலக்கிக்கொண்டே எட்டாம் நம்பர் வீட்டுக்காரர் பதில் சொல்வார். இந்தக் கூத்தை எந்தத் தோட்டத்தில் பார்க்க முடியும்?

கோயில் திருவிழாவில் அவர் செய்த அட்டகாசத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சிவக்கிறது. எங்கள் கோயில் தேர் சின்னதுதான், ஆனால் லயத்துக்கு இறங்குகிற ரோடு செங்குத்து. வருடா வருடம் பின்னால் பத்துப் பேர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே மெல்ல இறக்குவார்கள். அந்த வருடம் கோணமானி முன்னால் வந்து நின்றுகொண்டார். பத்துப் பேர் போதுமா என்று கணக்குப் போடத் தேரின் கனம் தெரிய வேண்டுமாம். தேரின் கனம் தச்சரிடம் கேட்டு வாங்கிவிட்டார். அதில் உட்கார்ந்திருக்கிற அம்மனின் கனம் தெரியவில்லை. அதனால் அம்மனைத் தராசில் தொங்கவிட வேண்டும் என்றார்.

கோயில் தலைவர் யார் என்றால் எங்கள் கங்காணிதான். காலையில் ஆள் பிரித்து அனுப்புகிற அதிகாரம், சாயங்காலம் மணி அடிக்கிற அதிகாரம் இரண்டும் அவர் கையில். அம்மனைக் கொழுந்து மூட்டை மாதிரி நிறுக்கச் சொல்கிறானே பாவி என்று அவர் குதித்த குதியில் மாலை அறுந்து விழுந்தது. கடைசியில் கோணமானி இறங்கி வந்தார். எப்படித் தெரியுமா? அம்மன் சுமாராகக் கங்காணி கனம் இருக்கும், அதனால் கங்காணி தராசில் தொங்கினால் போதும் என்றார். அன்றைக்குத் தேர் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. கயிற்றில் பதினாலு பேர் இருந்தார்கள். இந்த நான்கு பேரைக் கூடுதலாக நிறுத்தியது யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கங்காணி அந்த அவமானத்தை மறக்கவே இல்லை.

அடுத்து லோரி விவகாரம். இதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், பின்னால் வந்த வம்புக்கெல்லாம் இதுதான் விதை.

தூரத்து மலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிற லோரி ஒரு நாள் சேற்று மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. பின்சக்கரம் சுற்றுகிறது, சேறு தெறிக்கிறது, லோரி நகரவில்லை. முதலில் எல்லாரும் முன்பக்கமாக நெருக்கி நின்றுகொண்டிருந்தார்கள். கோணமானி வந்தார், நூலைத் தொங்கவிட்டார், எல்லாரும் பின்சக்கரத்துக்கு மேலே போய் நில்லுங்கள் என்றார். போனார்கள். அப்போதும் போதவில்லை. லெட்சுமி மட்டும் முன்னால் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லெட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருசன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பதினோராம் நம்பர் வீட்டில் இருந்தாள். எங்கள் தோட்டத்தில் அவளை அடிக்கக் கொழுந்து பறிப்பில் ஆள் கிடையாது. கொஞ்சம் கனத்த உடம்பு. அந்த உடம்பைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்பது லயத்தில் எழுதாத சட்டம். கோணமானிக்கு எழுதிய சட்டமே பிடிக்காது.

லெட்சுமியைப் பார்த்து, நீதான் முக்கியம், உன் கனம் பின்னால் வந்தால்தான் சக்கரம் பிடிக்கும் என்று இருபது பேர் முன்னால் சத்தமாகச் சொன்னார். அவள் தலைத்துண்டை உருவி அவர் முதுகில் நாலு போட்டுவிட்டுத்தான் பின்னால் போனாள். லோரி ஏறிவிட்டது. கோணமானி முதுகைத் தேய்த்துக்கொண்டே கங்காணிக்குப் பாடம் நடத்தினார். நாம் தரையை அழுத்தினால் தரை சும்மா இருக்காது, நம்மைத் திருப்பித் தள்ளும். அதற்குப் பெயர் நார்மல் ஃபோர்ஸ். அந்தத் தள்ளு கூடினால் பிடிப்பும் கூடும். கங்காணிக்கு இதில் ஒரு பாதி மட்டும் மண்டையில் ஏறியது. கனம் கூடினால் பிடிப்பு கூடும். அவ்வளவுதான். லெட்சுமி அதற்குப் பிறகு கோணமானியோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டாள்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் புதிதாக ஒரு சின்ன துரை வந்தார். இளம் வயசு, இஸ்திரி கலையாத சட்டை. கொழுந்து நிறுக்கிற கொட்டகை மேட்டில் இருந்தது, லோரி நிற்கிற ரோடு கீழே. இரண்டுக்கும் நடுவில் மண்ணில் வெட்டிய படிகள். கீழ்மலையில் பறிக்கிற பெண்கள் முதுகில் கூடையோடு படியேறி வந்து நிறுப்பார்கள். நிறுத்த மூட்டைகளை இரண்டு ஆண்கள் சுமந்துகொண்டு இறங்குவார்கள். சின்ன துரைக்கு யோசனை பிறந்தது. படிகளை எடுத்துவிட்டு வழவழவென்று சிமெண்டில் ஒரு சரிவு போட்டால் மூட்டைகளை மேலிருந்து தள்ளிவிடலாம், தானாக லோரியிடம் வந்து நிற்கும்.

மூட்டை வழுக்கி வரும், சரி. அதே சரிவில் ஏறி வருகிற மனுசர்கள்?

இதைக் கேட்டவர் கோணமானி ஒருவர்தான். சிமெண்ட் பூச வேண்டியதும் அவர்தான். நூலை விட்டுப் பார்த்தார், இருபது டிகிரி. ஆபீசுக்கு வந்து மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, இருபது டிகிரியில் ஒரு ஆள் நிற்க வேண்டுமானால் பாயிண்ட் மூணு ஆறு பிடிப்பு வேண்டும், ஈரச் சிமெண்டில் பாசி பிடித்தால் ரப்பர் பூட்ஸுக்குப் பாயிண்ட் மூணுதான் கிடைக்கும், அதனால் பத்து டிகிரியாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் குறுக்கே வரி வரியாகக் கீறிவிட வேண்டும் என்றார். கீறினால் மூட்டை சிக்கும் என்றார் சின்ன துரை. நடுவில் நின்று மொழிபெயர்த்தவன் நான். கோணமானி சொன்னதில் கடைசி நாலு வார்த்தையை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

சரிவு திறந்த அன்றைக்கு நல்ல வெயில். சின்ன துரை தானே மேலும் கீழுமாக இரண்டு தரம் நடந்து காட்டினார். கங்காணி கை தட்டினார். கோணமானி ஒரு ஓரமாக, மிச்சமிருந்த அதே சிமெண்டுக் கலவையில் ஒரு பலகை வார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்ததும் அதைத் தூக்கி மழையில் நனைகிற இடமாகப் பார்த்துப் போட்டார். எதற்கு என்று கேட்டேன். உங்களுக்கெல்லாம் சொன்னால் புரியாது என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மழை பெய்த மத்தியானம் லெட்சுமி நிறைந்த கூடையோடு அந்தச் சரிவில் ஏறினாள். பாதியில் வழுக்கிக் கீழே ரோடு வரைக்கும் வந்தாள். கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. அவளை லோரியில் ஏற்றியபோது, கால் வலியைச் சொல்லவில்லை, கொழுந்தெல்லாம் கொட்டிப்போச்சே என்றுதான் அழுதாள்.

மறுநாள் சின்ன துரை விபத்துப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்றும் அவரே சொன்னார். தொழிலாளியின் கவனக்குறைவு. நான் எழுதினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவள் தப்பு என்று ஆகிவிட்டால் கால் ஆறும் வரை பெயரை வைத்திருக்க மாட்டார்கள். செக்ரோலில் பெயர் இல்லாவிட்டால் லயத்து வீடும் இல்லை. மாசம் முடிவதற்குள் பதினோராம் நம்பரைக் காலி செய்துவிட்டு, உடைந்த காலோடும் இரண்டு பிள்ளைகளோடும் அவள் எங்கேயாவது போய்க்கொள்ள வேண்டியதுதான். எல்லாம் தெரிந்தும் என் அழகான கையெழுத்தில் எழுதினேன். இந்தக் கட்டுரையில் மற்றவர்கள் மேல் நான் கோபப்படுவது போலத் தெரியும். இந்த ஒரு இடத்தில் கோபம் என் மேல்தான்.

கோணமானி ஆபீசுக்கு வந்தார். புத்தகத்தைக் காட்டச் சொன்னார். படித்தார். சத்தம் போடுவார் என்று கதவைச் சாத்தப் போனேன். அவர் சத்தம் போடவில்லை.

"எழுதச் சொன்னது அவரு. சரி. எழுதுனது யாரு கிராணி?"

அவர் திட்டிய ஒன்பது வருடத்தையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது. அன்றைக்கே தோட்டத்து மேனேஜரான பெரிய துரைக்கு ஒரு மனு எழுதினேன். விசாரணை வேண்டும் என்று கேட்டு, கீழே முதல் கையெழுத்தாக என் கையெழுத்தையே போட்டேன்.

பெரிய துரை தமிழ் பாதி தெரிந்த மனிதர், அதிகம் பேச மாட்டார். சனிக்கிழமை காலையில் அந்தச் சரிவின் அடியிலேயே விசாரணை என்றார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. லயமே வந்து நின்றது. லெட்சுமியைக் கட்டுப் போட்ட காலோடு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள்.

முதலில் கங்காணி பேசினார். என்ன சொன்னார் தெரியுமா? கனம் கூடினால் பிடிப்பு கூடும், இதை லோரி சிக்கிய அன்றைக்குக் கோணமானியே எல்லார் முன்னாலும் சொன்னான். லெட்சுமி கனமான ஆள், முதுகில் கூடை வேறு நிறைந்திருந்தது. மற்றவர்களைவிட அவளுக்குத்தான் பிடிப்பு அதிகமாக இருந்திருக்க வேண்டும். அப்படியும் விழுந்தாள் என்றால் பராக்குப் பார்த்துக்கொண்டு ஏறினாள் என்றுதானே அர்த்தம்? சொல்லிவிட்டுக் கங்காணி தேரோட்டத்துக்கும் சேர்த்துப் பழி வாங்கிய திருப்தியோடு துண்டை உதறித் தோளில் போட்டார்.

சின்ன துரை தலையை ஆட்டினார். பெரிய துரை கோணமானியைப் பார்த்தார். கோணமானியின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் சொன்ன வார்த்தைதானே? லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு கோணமானி ரோடு கேங்கு ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் அந்தச் சிமெண்டுப் பலகையைத் தூக்கி வந்தார்கள். இரண்டு மாதம் மழையில் கிடந்து பாசி பிடித்திருந்தது. லெட்சுமியின் பூட்ஸ் இரண்டையும் வாங்கி அதன்மேல் அருகருகே வைத்தார். ஒன்று வெறும் பூட்ஸ். இன்னொன்றுக்குள் தராசுப் படிக்கற்களை நிரப்பினார். பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்கச் சொன்னார். நூல் பத்தில் நின்றது, இரண்டும் அசையவில்லை. பதினைந்து, அப்போதும் அசையவில்லை. பதினேழுக்கு வந்தபோது இரண்டு பூட்ஸும் சொல்லி வைத்தாற்போல் சேர்ந்தே வழுக்கி இறங்கின.

"கனம் கூடுனா பிடிப்பு கூடும், நான்தான் சொன்னேன். ஆனா சரிவுல கீழ இழுக்கிற இழுப்பும் அதே அளவுக்குக் கூடும் லா. ரெண்டும் சேந்து ஏறுனா கடைசில மிச்சம் ஒண்ணுமில்ல. குச்சி மாதிரி ஆளும் இந்த இருபதுல விழுவான், யானையும் விழும். லோரில நம்ம புதுசா கனம் ஏத்தல துரை, உள்ள இருந்த கனத்தத்தான் ஓடுற சக்கரத்துக்கு மேல நவுத்துனோம். லெட்சுமிக்கு நவுத்த வேற சக்கரம் ஏது? இருக்கிறது ரெண்டு காலு. நான் அன்னைக்குப் பாதிதான் சொன்னேன். அது என் தப்பு. அந்தப் புள்ள தப்பு இல்ல."

நான் மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை ஒரு வார்த்தை விடவில்லை.

சின்ன துரைக்கு முகம் சிவந்துவிட்டது. இது விளையாட்டுச் சாமான், நிஜச் சரிவு வேறு என்றார். ஒரு கூடையை வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு, கொழுந்தை நிரப்பச் சொல்லிவிட்டு, நானே ஏறிக் காட்டுகிறேன் என்று சரிவில் காலை வைத்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் அங்கே நின்ற அத்தனை பேரும் ஒரே ஒரு வேண்டுதல்தான் வைத்தோம். நான் கோயிலுக்குத் தேங்காயே நேர்ந்துகொண்டேன். ஒரே ஒரு விழுகை. எங்கள் கண் முன்னால், பெரிய துரை முன்னால், இஸ்திரி போட்ட சட்டையோடு. அதற்கு மேல் எங்களுக்கு வேறெதுவும் வேண்டாம்.

இந்தக் கோணமானி என்ன செய்தார்? ஒரு ஈரச் சாக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். சின்ன துரைக்கு நாலடி கீழே அந்தச் சாக்கை விரித்து, அதில் வெறுங்காலை ஊன்றி நின்றார். மேலே சின்ன துரையின் பூட்ஸ் பாதிச் சரிவில் சர்ரென்று நழுவியது. கூடையோடு வந்த மொத்த ஆளையும் கோணமானி தோளில் வாங்கினார். இருவரும் ஓரடி இறங்கி நின்றுவிட்டார்கள். விழவில்லை.

"எறங்குங்க துரை. பக்கவாட்டுல காலு வைங்க. மெதுவா. சொன்னா கேக்கணும், பெரிய படிப்பு படிச்சவரு."

அழாத குறையாக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனை அரிய சந்தர்ப்பம், இப்படியா பாழடிப்பது? பெண்கள் வெளிப்படையாகவே முணுமுணுத்தார்கள். நான் பிறகு அவரைப் பிடித்துச் சண்டையே போட்டேன். ஏன் அண்ணே, அந்த ஆள் விழுந்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்குமே என்றேன். என்மேல் பாய்ந்தார். அவர் விழுந்திருந்தால் எல்லாரும் சிரித்திருப்பீர்கள், சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பீர்கள், சரிவு அங்கேயேதான் இருந்திருக்கும் என்றார். அதோடு விழுகிறவன் துரையாக இருந்தாலும் எலும்பு எலும்புதானே என்று கேட்டார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

பெரிய துரை குடைக்குள்ளிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இது எத்தனை டிகிரி? கோணமானி நூலைக் காட்டினார். பெரிய துரை குனிந்து தானே எண்ணைப் படித்தார். சரிவை உடைத்துப் படி கட்டச் சொன்னார். லெட்சுமியின் பெயர் செக்ரோலில் இருக்கும், வீடும் இருக்கும் என்றார். என்னிடம் திரும்பி விபத்துப் புத்தகத்தில் நான் எழுதிய அந்த வரியை அடிக்கச் சொன்னார். லெட்சுமி முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள்.

நான் அங்கேயே, நாற்காலியின் கைப்பிடியில் புத்தகத்தை வைத்து, வரியை அடித்தேன். எல்லாரும் கலைந்தார்கள். கோணமானி மட்டும் போகவில்லை. அடித்தால் போதாதாம், கட்டம் காலியாக இருக்கிறதாம், காரணம் எழுத வேண்டுமாம். மறுபடி சண்டை. கடைசியில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சாய்வு இருபது டிகிரி, பிடிப்பு பாயிண்ட் மூணு, தேவை பாயிண்ட் மூணு ஆறு. தோட்டத்து விபத்துப் புத்தகத்திலேயே யார் மேலும் பழி போடாமல் எழுதப்பட்ட வரி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நாலு மாதம் கழித்து லெட்சுமி வேலைக்குத் திரும்பினாள். அதற்குள் அந்த இடத்தில் படி கட்டியாகிவிட்டது. ஒவ்வொரு படியிலும் வரி வரியாகக் கீறியிருந்தது, பக்கத்தில் பிடித்து ஏற இரும்புக் குழாய். முதல் நாள் அவள் கூடையோடு ஏறும்போது ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு படி கீழே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோணமானி ஏறினார். ஏறின வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தார். பூட்ஸ் தேய்ந்துவிட்டதாம், புதுசு கேட்டு வாங்க வாயில்லையாம், குழாயைப் பிடிக்கத்தான் கை, ஆட்டிக்கொண்டு நடப்பதற்கில்லையாம். மேலே வந்து சேரும்வரை அவள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை.

சாயங்காலம் ஆபீசுக்கு வந்தவளிடம், காலையில் அந்த ஆள் அவ்வளவு திட்டினாரே, முன்னே மாதிரி துண்டை எடுக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். லெட்சுமி சிரித்தாள்.

"இல்ல கிராணி. அவரு திட்டுற சத்தம் கீழ கேட்டாத்தான் எனக்குக் காலு வைக்கத் தைரியம் வருது."

அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. நான் இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறேன். மாடிப்படி முழுக்கப் பளபளவென்று டைல்ஸ். ஈரத் துணியால் துடைத்த காலை நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறேன். என்னைத் திட்ட யாரும் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது, அண்ணே.